மாதாவுக்குச் சொன்ன மொட்டை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும். கோபம் வருகிற மாதிரி நடந்துகொள்கிறவருக்கு அதைச் சொல்ல வாயில்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

செப்டம்பர் எட்டாம் தேதி மாதா பிறந்த நாள். துடியலூரில் எங்கள் மகள் லோகப்பிரியா படிக்கிற, சிஸ்டர்கள் நடத்துகிற ஸ்கூலில் அன்றைக்கு விழா. மைதானத்தில் பந்தல், பெற்றவர்களுக்கு நாற்காலி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கேக். நானும் இவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். இவர் பெயர் தனபால். மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடைகிற லேத் பட்டறை வைத்திருக்கிறார். அன்றைக்குப் பட்டறையை அரை நாள் மூடிவிட்டு, இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், தலையைக் கால் மணி நேரம் சீவிக்கொண்டு வந்திருந்தார்.

ஸ்கூல் வாசலில் மாதா கெபி இருக்கிறது. கல்லைக் குகை மாதிரி அடுக்கிக் கட்டி, உள்ளே நீல முக்காடு போட்ட மாதா சிலை. பக்கத்தில் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டி. மாதாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சீட்டில் எழுதி அதில் போடலாம். கேட்டது கிடைத்தால் நன்றி எழுதியும் போடலாம். விழாவன்று அதிலிருந்து நாலைந்து சீட்டை எடுத்து ஃபாதர் மைக்கில் வாசிப்பார். ஃபாதர் ஆல்வின் இளவயதுக்காரர், எப்போதும் சிரித்த முகம். முதல் சீட்டில் யாரோ கணக்கில் பாஸானதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். இரண்டாவதில் ஒரு பையனுடைய நாய்க்குட்டி திரும்பி வந்திருந்தது. மூன்றாவதைப் பிரித்துவிட்டு ஃபாதர் ஒரு நொடி தயங்கினார். பிறகு வாசித்தார்.

“மாதாவே, நான் கேட்டதைக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி. சொன்னபடி எங்க அப்பா தனபாலுக்கு மொட்டை போட்டுடறேன். இப்படிக்கு, லோகப்பிரியா, மூன்றாம் வகுப்பு பி.”

பந்தலே சிரித்தது. சிஸ்டர்கள் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்தவருடைய கை தன்னால் தலைக்குப் போய்விட்டது. மூன்றாம் வகுப்பு வரிசையில் என் மகள் பரிசு வாங்கினவளாட்டம் நிமிர்ந்து நின்றாள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்கிற நஸ்ரியா கை தட்டிக்கொண்டிருந்தாள்.

மற்றவர்களுக்கு அது சிரிப்பு. எங்கள் வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய வேண்டுமானால் இவருடைய தலையின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கல்யாண போட்டோவில் இவருக்கு இருந்த முடி, மகளுக்குக் காது குத்தின போட்டோவில் இல்லை. நாலே வருஷத்தில் எல்லாம் போயிற்று. இவருடைய அக்காவைச் சென்னிமலையில் கொடுத்திருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் லட்சுமணசாமி, பெட்ஷீட் வியாபாரம். மனுஷர் தங்கம், ஆனால் வாய்தான் கொஞ்சம் நீளம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் நூறு பேர் நடுவில் “எங்க சொட்டை மாப்பிள்ளை வந்தாச்சா” என்றுதான் வரவேற்பார். இவரும் சிரித்துக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இல்லை, புளி இல்லை என்று என்னிடம் பாய்வார். எனக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். நான் தலை பின்னும்போதெல்லாம் “முடி இருக்கற மகராசி அள்ளி முடியறா” என்று பெருமூச்சு விடுவார்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால், புனேவில் மிஷின் கண்காட்சி என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பீளமேட்டில் ஒரு கிளினிக்குக்குப் போய் முடி நட்டுக்கொண்டு வந்தார். ஆமாம், நெல் நாற்று நடுகிற மாதிரியேதான், ஒவ்வொன்றாக. அது மெல்ல மெல்லப் பிடித்து, பதினோரு மாதத்தில் நெற்றியில் வந்து விழுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. அந்தப் பதினோரு மாதமும் சென்னிமலைப் பக்கம் தலைகாட்டவில்லை. விசேஷம் வந்தால் என்னை அனுப்பிவிட்டு பட்டறையில் ஆர்டர் என்று சாக்குச் சொன்னார். காரணம், லட்சுமணசாமியின் மகள் மதிவதனிக்குக் கல்யாணம் குறித்தாகிவிட்டது. இவர் தாய்மாமன். மேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வீடியோ, மேலே பறக்கிற டிரோன் கேமரா, ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்க்க, முடியோடு ஏறி நிற்கப்போகிறார். லட்சுமணசாமி வாயடைத்துப் போக வேண்டும். அதற்காகவே பதினோரு மாதம் காத்திருந்தார்.

கல்யாணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. இவள் எழுதிய மொட்டைச் சீட்டை ஃபாதர் வாசித்தது அந்த வாரத் திங்கட்கிழமை.

அன்று சாயங்காலம் வீட்டில் விசாரணை. என்ன வேண்டிக்கொண்டாய் என்று இவர் கேட்டார். நான் கேட்டேன். சைக்கிளா, ஃபர்ஸ்ட் ரேங்க்கா, டான்ஸில் முன்வரிசையா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். கேக்கைத் தின்றுகொண்டே இல்லையென்று தலையாட்டினாள். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாள்.

“கடன் தீர்ற வரைக்கும் வேண்டுதலை வெளிய சொல்லக்கூடாதுன்னு அம்மாதான சொன்னாங்க.”

சொன்னேன்தான். இல்லையென்று சொல்லவில்லை. அதோடு இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இந்த ஸ்கூலில் இவளுக்கு எல்.கே.ஜி. சீட் கிடைத்தால் என் வீட்டுக்காரரைச் சென்னிமலை அடிவாரத்திலிருந்து படியேற வைக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டவள் நான். சீட் கிடைத்தது. ஆயிரத்துச் சொச்சம் படியையும் இவர் ஏறினார். எனக்கு முழங்கால் வலி, அதனால் நான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு காரில் மேலே போய் நிழலில் காத்திருந்தேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது எப்படியென்று என் மகள் வேறு எங்கும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. உன் முடியைச் சொல்லாமல் ஏன் அப்பா முடியைச் சொன்னாய் என்று கேட்டதற்கு, தன் முடி ஆண்டு விழா டான்ஸுக்கு வேண்டும் என்றாள்.

இவர் சட்டம் பேச ஆரம்பித்தார். அது நம்ம சாமி இல்லை, அதனால் இந்த வேண்டுதல் செல்லாது என்றார். எனக்கு வந்ததே கோபம். ஸ்கூல் சீட்டுக்காக அலைந்தபோது அந்தக் கெபி முன்னால் இவர் எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றினார் என்று நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அப்போது நம்ம சாமி, இப்போது அடுத்த வீட்டுச் சாமியா? ஆற்றைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. எந்தச் சாமியாக இருந்தாலும் சொன்ன சொல் சொல்தான், கொடுத்துத் தீர்க்க வேண்டியதுதான் என்று அடித்துச் சொன்னேன். அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் எங்கள் வீட்டில் சாமிகளுக்குள் வேலி கிடையாது. இருந்ததைப் பிரித்துப் போட்டவளும் என் மகள்தான். போன மாசியில் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டி விருந்து. இலையில் சோறு விழுந்து கறிக்குழம்பும் ஊற்றியாயிற்று. இவள் எழுந்து நின்று, கண்ணை மூடி, கை கூப்பி, ஸ்கூலில் சாப்பாட்டுக்கு முன் சொல்கிற ஜெபத்தை இங்கிலீஷில் முழுசாகச் சொன்னாள். பங்காளிகள் எண்பது பேர் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் பூசாரி உட்பட எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டார்கள்.

சட்டம் எடுபடவில்லை என்றதும் இவர் பேரத்தில் இறங்கினார். மாதாவுக்கு ஆள் உயர மெழுகுவர்த்தி வாங்கித் தருகிறேன் என்றார். ஸ்கூலுக்கே புளிசாதம் போடுகிறேன் என்றார். சொன்னதை மாற்றக்கூடாது என்று மகள் முடித்துவிட்டாள். அடுத்து, நட்ட முடியில் ஒரு வருஷம் கத்தி படக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். நான் கிளினிக்குக்கு ஃபோன் போட்டேன். பத்து மாதம் தாண்டிவிட்டால் தாராளமாக மொட்டை போடலாம், திரும்ப அதே மாதிரி முளைக்கும் என்று அங்கேயிருந்த பெண் தேன் மாதிரி சொன்னாள். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். இவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பட்டறையில் இரும்பே உருகியிருக்கும்.

புதன்கிழமை ஸ்கூல் விட்டதும் மூன்று பேருமாக ஃபாதர் ஆல்வினைப் பார்க்கப் போனோம். அவருக்குச் சொந்த ஊர் கருமத்தம்பட்டி, அதனால் நம் பேச்சும் நம் பழக்கமும் தெரியும். இவர் எல்லாவற்றையும் கொட்டினார். கல்யாணம், தாய்மாமன், டிரோன், முடி நட்டது வரைக்கும். ஊருக்கே தெரியாத ரகசியத்தை ஃபாதரிடம் நாலே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். அந்த அங்கிக்கு அப்படி ஒரு ராசி போலிருக்கிறது. ஃபாதர் சிரிக்காமல் கேட்டார். மாதா முடியெல்லாம் கேட்கிறதில்லை, நல்ல மனசு இருந்தால் போதும், இந்த மொட்டையை விட்டுவிடலாம் என்றார். இவர் முகத்தில் பல்பு எரிந்தது. அப்போதுதான் என் மகள் கையைத் தூக்கினாள்.

“ஃபாதர், குடுத்த வாக்கைக் காப்பாத்தோணும்னு போன வாரம் மாரல் சயின்ஸ் கிளாஸ்ல சொன்னீங்கல்ல? அது பரீட்சைக்கு மட்டுங்களா?”

ஃபாதர் இரும ஆரம்பித்தார். தண்ணீர் குடித்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே கொடுத்துவிட்டார், பக்தை விடவில்லை. தனக்கும் சின்ன வயதில் அம்மா மூன்று கோயிலுக்கு வேண்டி மூன்று மொட்டை போட்டதாகவும், தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றும் ஃபாதர் சொன்னார். பிறகு, இது அப்பாவும் மகளும் பேசித் தீர்க்க வேண்டியது, தான் நடுவில் வர முடியாது என்று கழன்றுகொண்டார்.

நான்தான் வழி சொன்னேன். எங்கள் பக்கம் எதிலாவது முடிவு தெரியவில்லை என்றால் பூக்கட்டிப் பார்ப்போம். கிணறு வெட்டுவதா, பெண் எடுப்பதா, எதுவானாலும் சரி. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போட்டு, சம்பந்தமில்லாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. எது வருகிறதோ அதுதான் உத்தரவு, அதற்கு மேல் பேச்சில்லை. வெள்ளை வந்தால் மொட்டை வேண்டாம், சிவப்பு வந்தால் மொட்டை. லோகப்பிரியா யோசித்துப் பார்த்துச் சரியென்றாள். இவரும் உடனே சரியென்றார். அவ்வளவு சீக்கிரம் இவர் எதற்கும் சரியென்று சொன்னதில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கோயிலுக்குள் அதெல்லாம் வேண்டாம் என்று ஃபாதர் பதறினார். வெளியே கெபி முன்னால் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“கெபிகிட்ட தெனமும் யார் யாரோ வந்து கும்படறாங்க. எல்லாத்தையும் நான் நின்னு பார்த்துட்டிருக்க முடியுங்களா? நாளைக்கு இந்நேரம் நான் டீ குடிச்சிட்டிருப்பனுங்க.”

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஃபாதர் டீ டம்ளரோடு வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேறு எங்கோ பார்ப்பது மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பூ வாங்கிப் பொட்டலம் மடித்தது இவர். நான் நஸ்ரியாவின் அம்மாவிடம் பத்து நிமிஷம் பெண்ணை விட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சம்பந்தமில்லாத குழந்தையாக அவளைத்தான் பிடித்திருந்தோம். இரண்டு பொட்டலத்தையும் மாதா காலடியில் வைத்தோம். பெரிய வேலை கொடுத்துவிட்டார்கள் என்று நஸ்ரியா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கண்ணை மூடி ஒன்றை எடுத்து, பிரித்தாள்.

வெள்ளை. நந்தியாவட்டைப் பூ.

இவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. ஒரு கையால் தலையைக் கோதிக்கொண்டே, மாதாவே வேண்டாமென்று சொல்லிவிட்டார், இனி நாம் என்ன செய்வது என்று மகளிடம் சமாதானம் பேசினார். அவள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. சிலையைப் பார்த்துச் சின்னதாகத் தலையாட்டினாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, முடி மறுக்கா கொட்டினா அன்னிக்கு மாதிரி பாத்ரூம்ல உக்காந்து அழாதீங்க. நான் வேற ஏதாச்சும் சொல்லி மாதாகிட்ட மறுக்கா கேக்கறேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவருக்குப் புரிந்துவிட்டது என்று முகம் சொன்னது. நான் அவளைப் பக்கத்தில் இழுத்து விசாரித்தேன். உத்தரவு வந்துவிட்டதால் கடன் தீர்ந்தது, இனிச் சொல்லலாம் என்று அவளே முடிவு செய்து சொன்னாள்.

நட்ட முடி முதல் மாதம் கொட்டுமாம். கொட்டிவிட்டுத்தான் பிறகு முளைக்குமாம். டாக்டர் சொல்லியிருந்தாராம், இவர் காதில் வாங்கவில்லை. ஒரு நாள் காலையில் தலை துவட்டின துண்டில் பாதி முடி வந்துவிட்டது. பாத்ரூமில் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறார். பல் துலக்கப் போன பிள்ளை கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு ஸ்கூலுக்குப் போய் முதல் இண்டர்வெல்லில் கெபி முன்னால் முட்டி போட்டு, எங்க அப்பாவுக்கு நல்லா முடி மொளைக்கோணும் என்று கேட்டிருக்கிறாள். கண் சரியானால் கோயிலில் வெள்ளிக் கண் வாங்கி வைக்கிறோம், கால் சரியானால் வெள்ளிக் கால். அதே கணக்கில், முடி கொடுத்தால் முடி தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து விழா வரைக்கும் ஒரு இண்டர்வெல் விடாமல் போயிருக்கிறாள். துணைக்கு நஸ்ரியா.

அந்தத் துண்டு நாள் எனக்கும் நினைவிருக்கிறது. அன்றைக்கு இவர் தலையைப் பார்த்து, நாற்று நட்ட வயலுக்குத் தண்ணி பாய்ச்சலையா என்று கேட்டுச் சிரித்தவள் நான். லட்சுமணசாமியின் வாய் நீளம் என்று மேலே சொன்னேன் அல்லவா, என் வாய் அதற்கு ஒரு முழம் கூட. கட்டினவர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது எனக்குத் தெரியவில்லை, எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் நஸ்ரியா, எடுத்த வேலையை அரைகுறையாக விடக்கூடாது என்று, இரண்டாவது பொட்டலத்தையும் பிரித்தாள்.

“ஆன்ட்டி, இதுலயும் வெள்ளைதாங்க இருக்குது.”

வராந்தாவில் ஃபாதர் ஆல்வின் டீயில் புரையேறி இருமினார். வேறு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே இவரை உரித்துத் தொங்கவிட்டிருப்பேன். சாமி முன்னால் கள்ளப் பொட்டலம் மடிக்க எத்தனை துணிச்சல் வேண்டும்? வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் லோகப்பிரியா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, புரியாமல் பார்த்தாள். இவரால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. சட்டைப் பையில் கையை விட்டு, கசங்கிப்போன ஒரு செவ்வரளிப் பூவை எடுத்தார். எனக்குக் காட்டுவதற்காக வாங்கிவிட்டு, மடிக்கும்போது பைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார். அதைக் கொண்டுபோய் மாதா காலடியில் வைத்தார். திரும்பி வந்து மகள் முன்னால் உட்கார்ந்தார்.

“இப்ப செவப்புதான் கண்ணு வந்துச்சு. அப்பாதான் மறைச்சுபோட்டேன். தப்பு அப்பா மேல.”

சனிக்கிழமை காலையில் துடியலூர் சலூனில் மொட்டை. லோகப்பிரியா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். கத்தி வைக்கிறதற்கு முன்னால் இவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். முடியைக் கொஞ்சம் எடுத்துக் காகிதத்தில் மடித்து அவளிடமே கொடுத்தார். சந்தனத்தை நான் பூசிவிட்டேன். நாலு வருஷத்துக்குப் பிறகு என் கையால் இவர் தலையைத் தொடுகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சென்னிமலையில் கல்யாண மண்டப வாசலிலேயே லட்சுமணசாமி நின்றுகொண்டிருந்தார். இவரை மேலும் கீழும் பார்த்தார். இருந்த நாலு முடியையும் ஏன் மாப்பிள்ளை எடுத்துபோட்டாய் என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி கேட்டார். என் ரத்தம் கொதித்தது. கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்துவிட்டேன். விழாவன்று பந்தலில் எடுத்த படம் அதில் இருக்கிறது, நெற்றியில் முடி விழ, சினிமாக்காரர் மாதிரி. அதை அவர் மூக்குக்கு நேராக நீட்டலாம் என்று போனேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போச்சாது உடு அம்மணி,” என்றார் மெதுவாக. பிறகு அவரிடம் திரும்பி, “என்ற புள்ள எனக்காக வேண்டிக்கிட்டாளுங்க மாமா. அதுக்குக் குடுத்தேன்,” என்றார்.

 லட்சுமணசாமியின் மகள் அன்றைக்கு வேறு வீட்டுக்குப் போகிறாள். அவர் இவருடைய தோளைத் தட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மனுஷர் வாயடைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மேடையில் இவர் சந்தன மொட்டையோடு நின்றார். லோகப்பிரியா பக்கத்தில் நின்று, தன் சொத்து என்பது மாதிரி அடிக்கடி எட்டி அதைத் தடவிப் பார்த்தாள். டிரோன் மேலே வந்தபோது சரியாக இவர் தலைக்கு நேராகத்தான் நின்றது. எனக்கு அன்றைக்கு இவரை ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து சொல்லவும் சொன்னேன்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை மகளைக் கூப்பிடப் போனபோது ஃபாதர் ஆல்வின் என்னைத் தனியாக அழைத்தார். கையில் ஒரு சீட்டு. மறுபடி மைக்கில் போவதற்கு முன்னால் இதை நான் பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியதாகச் சொல்லிக் கொடுத்தார். பெட்டியில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு சேர்ந்து கிடந்ததாம். அதே கையெழுத்து.

“மாதாவே, அப்பா முடி இத்தோட இருக்குது, எடுத்துக்குங்க. கடன் தீர்ந்துபோச்சு. இப்ப அப்பாவுக்கு மறுபடியும் மொளைக்கோணும். சீக்கிரமா மொளைச்சா எங்க அம்மா முடியைத் தர்றேன். அது ரொம்ப நீளம். எங்க அம்மா சொன்ன சொல்லு தவறமாட்டாங்க. இப்படிக்கு, லோகப்பிரியா, மூன்றாம் வகுப்பு பி.”

இரண்டு தடவை படித்தேன். கை பின்னால் போய்ப் பின்னலைப் பிடித்துக்கொண்டது. ஃபாதர் டீக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

இவரிடம் சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டுத் தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்தார். அன்றிலிருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தலையில் தேய்த்துக்கொள்கிறார். தேய்க்கும்போது பாட்டு வேறு. எந்தச் சாமியாக இருந்தாலும் சொன்ன சொல் சொல்தான் என்று போகிற போக்கில் என் காதில் போட்டுவிட்டுப் போகிறார். இப்போதெல்லாம் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தத் தலையைத்தான். நேற்றுக் காலையில் அதில் கருப்பாக லேசாக அரும்பியிருந்தது.

இன்றைக்கு நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஸ்கூலுக்குப் போனேன். கெபியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நானும் ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டேன்.

“மாதாவே, அவசரமில்லீங்க. இப்படிக்கு, மோகனப்பிரியா, லோகப்பிரியாவின் அம்மா.”